நூறு வீட்டு டாக்டர்

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று அன்னவாசலில் குடியேறிய டாக்டர் ஒரு புது ஏற்பாடு சொன்னார். வருசத்துக்கு ஒரு மூட்டை நெல் கொடுத்துச் சேர்ந்துவிட்டால், எத்தனை தடவை வந்தாலும் வைத்தியத்துக்கும் மருந்துக்கும் காசில்லை. மாதம் ஒரு தடவை அவரே வீடு தேடி வருவார். ஆனால் நூறு வீடுதான், அதற்குமேல் ஒரு வீடு கிடையாது.

"சீக்கு வரும்னு முன்கூட்டியே நெல் அளக்குறவன் பாடைக்கும் அச்சாரம் கொடுத்து வைப்பான்" என்றான் ஆண்டியப்பன். டீக்கடையே சிரித்தது. அவன் பங்காளி நாகராசு மட்டும் சிரிக்காமல் போய்ச் சேர்ந்துகொண்டான்.

அன்றைக்குப் பிடித்தது ஆண்டியப்பனுக்கு வயிற்றெரிச்சல். மாதம் பிறந்தால் டாக்டரின் மோட்டார் சைக்கிள் அவன் வாசலைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டில் நிற்கும். டாக்டர் நாகராசு வீட்டுக் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து மோர் குடிப்பார், அவன் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பார், மாடு கன்று போட்டதா என்றுகூடக் கேட்பார். பெரிய ஜமீன்தான் இவன், வைத்தியர் வீடு தேடி வருவதற்கு! ஆண்டியப்பன் சுவரோரம் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டு, சோறு இறங்காமல் கிடப்பான்.

இப்படியே மூன்று வருசம் ஓடியது. இதற்கிடையில் அவன் மனைவி சந்தனத்துக்கு மூன்று மாதமாக இருமல். சாயங்காலமானால் உடம்பு சுட்டது, ரவிக்கை தொளதொளத்துவிட்டது. கஷாயத்துக்கெல்லாம் கேட்கவில்லை. கடைசியில் ஆண்டியப்பன் வெட்கத்தை விட்டு டாக்டரிடம் போனான். வெட்கத்தை முழுசாகவும் விடவில்லை. இருமலைப் பற்றி மூச்சு விடாமல், "சும்மா சேந்து வைக்கலாம்னு வந்தேங்க" என்றான்.

"நூறும் நெறஞ்சிருச்சே. யாராச்சும் வெலகுனா சொல்லி அனுப்புறேன்" என்றார் டாக்டர்.

யார் விலகுவார்கள் என்று யோசித்தபோதே அவன் மனம் நேராக நாகராசுவிடம் போய் நின்றது. மறுநாள் கிணற்றடியில் அவனைப் பிடித்தான்.

"தம்பி, அந்த டாக்டர் கொடுக்குறது பூராம் மாவு மாத்திரைன்னு இலுப்பூர்ப் பக்கம் பேசிக்கிறாய்ங்க. ஒன் நெல்லை ஏன்டா வீணாக்குற?"

"அப்படியாண்ணே" என்றான் நாகராசு.

நான்கே நாளில் டாக்டரிடமிருந்து ஆள் வந்தது. ஒரு இடம் காலியாம். ஆண்டியப்பன் அன்றைக்கே நெல்மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு போனான். தன் வார்த்தை எடுபட்டுவிட்டதில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை மோட்டார் சைக்கிள் அவன் வாசலில் நின்றது. தெருவே பார்க்கட்டும் என்று கதவை அகலத் திறந்துவைத்தான். டாக்டர் சந்தனத்தின் முதுகைத் தட்டிப் பார்த்தார், நெடுநேரம் குழாய் வைத்துக் கேட்டார்.

"நெஞ்சுச் சளிதான் கெட்டுப்போயிருக்கு. எடுத்துத் திருச்சிக்கு அனுப்பிப் பாப்போம். ஊசி போடணும், தினமும் நானே வாரேன். பயப்படாதம்மா, பொழச்சுக்குவே." பிறகு ஆண்டியப்பன் பக்கம் திரும்பினார். "ஏய்யா, அன்னைக்கு வந்தப்ப இதைச் சொல்ல வாயில்லையா? நாகராசு வந்து சொன்னான். 'மதினி இருமுறது சுவரைத் தாண்டிக் கேக்குது, எங்க அண்ணன் வாய்விட்டுக் கேக்க மாட்டாரு, என் எடத்தை அவருக்குக் கொடுத்துருங்க'ன்னான். 'ஒனக்கே நெஞ்சு சரியில்லையே'ன்னேன். 'நான் பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க்கிறேன்'னுட்டான்."

டாக்டர் போனதும் சந்தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்றாள்.

நாகராசு வீட்டில் இல்லை. பஸ் நிற்கிற புளியமரத்தடியில், சட்டைக்குமேல் நெஞ்சைத் தடவியபடி நின்றிருந்தான்.

"டாக்டர் வந்தாராண்ணே?"

"வந்தாரு."

"மதினிக்குக் கொணமாகிரும்ல?"

"ஆகிருமாம்."

மூன்று வருசமாக ஆண்டியப்பன் இவனிடம் இருந்த ஒன்றைப் பார்த்துத்தான் வயிறெரிந்தான். அதை இவன் தூக்கிக் கொடுத்தும் விட்டான். பஸ் வந்தது. நாகராசு கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறினான். கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போகிற அவனைப் பார்க்க ஆண்டியப்பனுக்கு முன்னைவிட அதிகமாகப் பொறாமையாக இருந்தது.