இருபத்து மூன்றாம் கல்

விசாலாக்ஷி டீச்சருக்குத் தன் மூளையைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்காதா பின்னே? மயிலாப்பூரில் இருபத்தோரு வருஷமாக ஒரே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறவள். மற்றவர்கள் குழந்தைகளை வண்டலூருக்கும் மாலுக்கும் கூட்டிக்கொண்டு போனால், இவள் கல்லையும் மண்ணையும் காட்டக் கூட்டிக்கொண்டு போவாள். காலையில் பெசன்ட் நகர் கடற்கரை மணல், பிறகு சின்னமலைப் பாறை, மத்தியானம் நிழல் பார்த்து உட்கார்ந்து தயிர்சாதம். வருஷா வருஷம் தை மாதத்தில் இது நடக்கும்.

எல்லாரும் செய்கிற மாதிரி தலையை எண்ணுவது அவளுக்குப் பிடிக்காது. மூன்றாம் வகுப்புத் தலைகள் ஓரிடத்தில் நிற்குமா? எண்ணி முடிப்பதற்குள் நாலு தலை இடம் மாறியிருக்கும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல் துண்டுகள் முப்பத்து நான்கைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டால் நம்பர் போட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவரவர் நம்பர் கல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏறும்போது படிக்கட்டுப் பக்கத்தில் இருக்கும் எவர்சில்வர் தட்டில் போட வேண்டும். தட்டில் முப்பத்து நான்கு கல் என்றால் பஸ்ஸில் முப்பத்து நான்கு குழந்தை. ஹெட்மாஸ்டர்கூட மெச்சினார். "இருநூத்தம்பது கோடி வருஷத்துக் கல் சார், பொய் சொல்லாது" என்று இவளும் பெருமை அடித்துக்கொண்டாள்.

கல் பொய் சொல்லாதுதான். கல்லைப் போடுகிற கைக்கு யார் உத்தரவாதம்?

அன்றைக்குக் கடற்கரையில் காந்த விளையாட்டு. மணலுக்குள் காந்தத்தை விட்டு இழுத்தால் கறுப்பு மண் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். குழந்தைகளுக்கு ஒரே கும்மாளம். இரண்டு பேருக்கு ஒரு காந்தம், ஆகப் பதினேழு. கிளம்பும்போது விசாலாக்ஷி எண்ணினாள், பதினாறு இருந்தது. துண்டை விரித்துக் கொட்டி, ஒவ்வொன்றாகத் தள்ளி மறுபடி எண்ணினாள். பதினாறுதான். லேபிலிருந்து கையெழுத்துப் போட்டு வாங்கி வந்த சாமான். கோபம் சுர்ரென்று ஏறியது. கோபம் வந்தால் அவளுக்கு ஆத்துப் பாஷை வந்துவிடும்.

"யாருடா தொலைச்சேள்? தொலைச்சவா யாரா இருந்தாலும் சரி, காந்தம் இல்லாம பஸ்ல ஏறக் கூடாது. சொல்லிட்டேன்!"

அதற்குள் பஸ் பக்கத்தில் ஒரு பையன் வாந்தி எடுத்தான். கூட வந்திருந்த பூஜா டீச்சர் தண்ணீர் பாட்டிலோடு ஓடினாள். பத்தரைக்குள் சின்னமலையில் இருக்க வேண்டும். "சரி சரி, ஏறுங்கோ, நாழியாறது" என்று விசாலாக்ஷி விட்டுவிட்டாள். தட்டில் இருந்த கற்களை எண்ணினாள். முப்பத்து நான்கு. "போலாம் டிரைவர்" என்றாள்.

சின்னமலையில் குழந்தைகள் வரிசையாக இறங்கின. ஆளுக்கொரு கல் எடுத்துக்கொண்டன. கடைசிக் குழந்தையும் இறங்கியாயிற்று. தட்டில் ஒரு கல் மிச்சம் இருந்தது.

"கல்லை எடுக்காம இறங்கினது யாரு? இருபத்து மூணு யாரு?"

பூஜா பட்டியலைப் பார்த்தாள். "ஸ்நேஹா, மிஸ்."

பஸ்ஸுக்குள் ஏறி ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள் விசாலாக்ஷி. ஒரு தண்ணீர் பாட்டில் கிடந்தது. வேறொன்றும் இல்லை. இறங்கி வந்தபோது அனிருத் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். ஸ்நேஹாவின் ஜோடி அவன். ஒரு காந்தம் அவர்கள் இரண்டு பேருக்குமாகத்தான் கொடுத்திருந்தது.

"அவ கல்லையும் நான்தான் போட்டேன் மிஸ். ரெண்டே நிமிஷத்துல வரேன்னு போனா. யார்கிட்டயும் சொல்லாதேன்னா." சொல்லிவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தான்.

"எங்கடா போனா?"

"கடல் பக்கம்."

விசாலாக்ஷி குழந்தைகளைப் பூஜாவிடம் விட்டுவிட்டு, தெருவில் வந்த முதல் ஆட்டோவை மறித்து ஏறினாள். "பெசன்ட் நகர் பீச். கொஞ்சம் வேகமாப் போங்கோ, ஒரு குழந்தையை விட்டுட்டு வந்துட்டேன்."

ஆட்டோக்காரர் கருணாகரன் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா சொல்ற? பீச்லயா? மொதல்ல நூறுக்குப் போன் போடு. நான் ஓட்டிக்கினு போறேன், நீ பேசு."

போட்டாள். பேர் கேட்டார்கள், சொன்னாள். வயசு எட்டு என்றாள். நீல ஸ்கர்ட், வெள்ளைச் சட்டை என்றாள். "தலை எப்படிம்மா பின்னியிருந்தது? ஒத்தைப் பின்னலா, ரெட்டைப் பின்னலா?" என்று கேட்டார்கள். காலையிலிருந்து கூடவே இருந்த குழந்தை. பின்னல் ஒன்றா இரண்டா என்று அவளுக்குத் தெரியவில்லை.

காந்தி மண்டபம் தாண்டி மத்திய கைலாஷ் சிக்னலில் ஆட்டோ நின்றது. கற்பகாம்பா, கற்பகாம்பா என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. காலையில் வாசலில் ஸ்நேஹாவின் அம்மா சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. "தண்ணியைக் கண்டா விடமாட்டா மிஸ், கொஞ்சம் பாத்துக்கோங்கோ." தலையாட்டினாளே, என்ன லட்சணத்தில் பார்த்துக்கொண்டாள்? அந்த அம்மாவின் நம்பரை எடுத்து எடுத்துப் பார்த்தாள். என்னவென்று சொல்லுவது? எந்த வாயால் சொல்லுவது? போனை மடியில் கவிழ்த்துப் போட்டாள்.

கடுகு போன இடத்தை ஆராய்வாராம், பூசணிக்காய் போன இடம் தெரியாதாம். பதினேழு காந்தத்தைத் துண்டு விரித்து இரண்டு தடவை எண்ணத் தெரிந்தது. குழந்தைகளை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கண்ணால் பார்த்து எண்ணவில்லை. அதை நினைத்துத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். கருணாகரன் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை விரட்டினார்.

கடற்கரை வெறிச்சென்று இருந்தது. "ஆபத்து, கடலில் இறங்காதீர்" என்ற போலீஸ் பலகையைத் தாண்டி ஓடினாள். மணலில் செருப்பு புதைந்தது, உதறிவிட்டு ஓடினாள். குழந்தைகள் விளையாடிய இடத்தில் யாரும் இல்லை. அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

அலை வந்து தொட்டுப் போகிற இடத்துக்குப் பத்தடி தள்ளி, சின்னதாக இரண்டு கறுப்பு ஷூ. ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துவைத்த சாக்ஸ். பக்கத்தில் ஆள் இல்லை.

"ஸ்நேஹா! ஐயோ, ஸ்நேஹா!"

புடவையோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். முழங்காலுக்கு அலை அடித்தது. அடுத்த அலை இடுப்பில் மோதித் தள்ளியது. எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. தூரத்தில் கறுப்பாக எது தெரிந்தாலும் குழந்தையின் தலை மாதிரியே இருந்தது. பின்னாலேயே ஓடி வந்த கருணாகரன் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"யம்மா, வெளிய வா! நீயும் பூடப் போற!"

அந்தச் சத்தத்தில் மீன் கூடையோடு போன ஒரு அம்மாள் நின்றாள். ஊரூர் குப்பத்து சாய்மா, இரண்டு பக்கமும் மூக்குத்தி. "இன்னாத்துக்குக் கத்திக்கினு கீறீங்க? ஸ்கூல் பாப்பாவத் தேடுறீங்களா? தோ, அந்தப் போட்டுக்குப் பின்னால கீது. எம்மா நேரமாக் கூப்பிடுறேன், வரமாட்டேன்னுது. இட்லி குடுத்தேன், அதையும் துன்னல."

விசாலாக்ஷி எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கரையில் ஏற்றிவைத்த படகுக்குப் பின்னால், முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஸ்நேஹா இரண்டு கையாலும் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி இருபது முப்பது குழி. நகக்கண் எல்லாம் கறுப்பு மண். ரெட்டைப் பின்னல், ஒன்று அவிழ்ந்திருந்தது.

உயிர் திரும்பி வந்தது விசாலாக்ஷிக்கு. "ஸ்நேஹா" என்றாள். குழந்தை ஓடி வந்து கட்டிக்கொள்ளும் என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

குழந்தை ஓடி வரவில்லை. இவள் முகத்தைப் பார்த்ததும் துள்ளி எழுந்து, படகோடு முதுகை ஒட்டிக்கொண்டு, மண்ணான கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டது. அத்தனை நேரம் கடலைப் பார்த்துப் பயப்படாத குழந்தை இப்போது வெடவெடவென்று நடுங்கியது.

"இன்னும் கிடைக்கல மிஸ். தேடிண்டேதான் இருக்கேன். நான் பஸ்ல ஏறல மிஸ். சத்தியமா ஏறல."

விசாலாக்ஷி ஈரப் புடவையோடு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்துவிட்டது. "காந்தம் வேண்டாம்டி கண்ணா. ஒண்ணும் வேண்டாம். தப்பு என்னுது, என்னுதுதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். டீச்சர் அழுவதைக் குழந்தை பார்த்ததே இல்லை. அது இன்னும் மிரண்டது. சாய்மாதான் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஸ்நேஹாவின் கையைத் துடைத்து, ஷூவை எடுத்துக்கொண்டு, மெதுவாகத் தெரு வரைக்கும் கூட்டி வந்தாள்.

கருணாகரன் ஆட்டோவைக் கிளப்பினார். விசாலாக்ஷி உள்ளே உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். ஸ்நேஹா ஏறவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள்.

"ஏறும்மா."

குழந்தை டீச்சரின் முகத்தையே பார்த்தது. பிறகு, பக்கத்தில் இருக்கிறவருக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டது.

"பஸ்லதானே ஏறக் கூடாதுன்னேள்? ஆட்டோல ஏறலாமா மிஸ்?"