அவனுடைய இடது காது

விவாகரத்துக்கு வக்கீல் வேண்டாம், மத்தியஸ்தர் போதும் என்று புருஷன்காரன் சொன்ன அன்றைக்கே அவளுக்கு உறுத்தத் தொடங்கிவிட்டது.

"கோர்ட்டுக்குப் போனா பாப்பாவைக் கூப்பிட்டு, அம்மா வேணுமா அப்பா வேணுமான்னு கேப்பாங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒருத்தரை வச்சுப் பேசி முடிச்சுக்கலாம்" என்றான். பதினோரு வருஷத்தில் வராத கரிசனம்! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான், வேறென்ன.

எரிகிற தீயில் அவள் அண்ணன் எண்ணெய் ஊற்றினான். "மத்தியஸ்தர்னா ரெண்டு பக்கமும் தலையாட்டுற ஆளு. அவன் முன்னாடியே போய்க் கைக்குள்ள போட்டுக்கிட்டான்னா பாப்பா அவன் பக்கம் போயிரும். பேசாம வக்கீலைப் பிடி."

பாப்பாவுக்கு எட்டு வயது. அந்தப் பிள்ளை இல்லாத வீட்டை அம்மாக்காரியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இருந்தாலும் ஒரு தடவை போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பினாள். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை உள்பக்கம் திருப்பிப் பிசிறு தேடித் தேடிப் பழகிய கண்.

மத்தியஸ்தர் தலை நரைத்த ஒரு அம்மா. இவர்கள் உட்கார்ந்ததுமே எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவனுடைய வலப்பக்கம் போட்டுக்கொண்டார். நிதானமாகப் பேச ஆரம்பித்தார்.

அவள் கண் அந்த நாற்காலியிலேயே நின்றது. அவனுக்கு இடது காது கேட்காது. விசைத்தறிச் சத்தத்தில் போன காது. வேலை போய்விடுமே என்று சூப்பர்வைசரிடம்கூட மூச்சு விடாமல் மறைத்து வைத்திருக்கிறான். அவளைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம் இந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? அண்ணன் சொன்னது சரியாய்ப் போயிற்று.

"நீங்க ரெண்டு பேரும் ஏற்கெனவே பேசி வச்சிருக்கீங்க" என்றாள். "இவருக்குக் காது கேக்காதுன்னு யார் சொன்னது உங்களுக்கு?"

அந்த அம்மா கோபப்படவில்லை. அவன் அனுப்பியிருந்த படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "இதுல எழுதியிருக்கு பாருங்கம்மா."

'இடது காது கேட்காது. வலப்பக்கம் இருந்து பேசவும். அவராகச் சொல்ல மாட்டார்.'

அவள் எழுதியதுதான். பள்ளிக்கூடம், பேங்க், ஆஸ்பத்திரி என்று எந்தப் படிவமானாலும் இரண்டு பேருக்கும் நிரப்புவது அவள். வாசிக்காமலே கையெழுத்துப் போடுவது அவன். விவாகரத்துப் படிவத்தையும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அப்படியே நிரப்பித் தொலைத்திருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தப்பா நினைச்சுட்டேங்க. இங்கயே பேசிக்கலாம்" என்றாள்.

"நல்லதும்மா. பெரிய சண்டையும் ஒண்ணுமில்ல. பாப்பா அம்மாகிட்டயே இருக்கட்டும்னு இவரும் எழுதியிருக்காரே."

அவன் நிமிர்ந்தான். "நான் அப்படிச் சொல்லலையே."

படிவத்தை எடுத்து, விரல் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தான். அவன் ஒரு படிவத்தைப் படித்து அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"பழக்கத்துல எழுதிட்டேன். சத்தியமா வேற நினைப்பில்ல" என்றாள். அது உண்மைதான். ஆனால் அவள் உட்கார்ந்திருந்தது அவனுக்கு இடப்பக்கம். கேட்டதோ என்னவோ, அவன் திரும்பவில்லை.

"நான் வக்கீலையே பாத்துக்கறேங்க" என்றான் அந்த அம்மாவிடம்.

பேச்சை நிறுத்திக்கொள்வதாக எழுதித் தர வேண்டிய தாளை அந்த அம்மா நீட்டினார். வழக்கம்போல அவள் கைதான் முதலில் போனது. அவன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பேனா கேட்டான்.