சொல்லமாட்டேன் என்றவள்

"வேற என்ன வேணும்னாலும் கேளுங்கக்கா, செய்யறேன். இதை மட்டும் கேக்காதீங்க" என்றாள் இஸ்திரிக்காரி, பெட்டியை ஒரு சட்டைக் காலரில் அழுத்தியபடி.

சலவைக்கடையின் பின்னறையில் ஆவி மண்டிக் கிடந்தது. அந்தப் பதில் வக்கீலக்காவுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. ஒன்றும் பெரிய காரியமில்லை என்றுதான் நினைத்து வந்திருந்தாள். கதியற்றவர்களுக்காக இலவசமாக வழக்காடும் அவளுடைய அலுவலகம், ஓர் அறக்கட்டளை தரும் நிதியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிதி இந்த ஆண்டோடு முடிகிறது. நீட்டிக்கலாமா என்று பார்க்க நாளை ஓர் அதிகாரி வருகிறார். உதவி பெற்ற ஒருவர் தன் கதையைத் தன் வாயாலேயே சொல்ல, அவர் கேட்க வேண்டுமாம்.

இஸ்திரிக்காரியும் அவள் தம்பியும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், சாமான்களை உள்ளேயே வைத்து வீட்டுக்காரர் கதவைப் பூட்டிவிட்டார். இப்போது இருவருக்கும் இந்தப் பின்னறையில்தான் படுக்கை. அந்த வழக்கும் நாளைக்குத்தான் வருகிறது.

"கோர்ட்டுல எப்படியும் சொல்லத்தானே போறே?"

"அங்கே நியாயம் கேக்கறேன். இங்கே பரிதாபமா பேசணும். தம்பிக்குக் காதுதான் கேக்காது, உதட்டைப் பாத்தே எல்லாம் புரிஞ்சுக்குவான். தன்னை வச்சு அக்கா பிச்சை எடுக்கறான்னு நினைச்சுட்டா?"

வக்கீலக்கா எழுந்தாள்.

"எங்கே கிளம்பிட்டீங்க? அந்தக் கறுப்புக் கோட்டைக் கழட்டுங்க. கசங்கிக் கந்தலாக் கிடக்கு. இதைப் போட்டுக்கிட்டா நாளைக்கு எனக்காக வாதாடப் போறீங்க?"

மறுநாள் அந்த அதிகாரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றார். ராத்திரி முழுக்கப் பயணம் செய்ததில் சட்டை சுருண்டிருந்தது. கடுமையான ஜலதோஷம் வேறு. கண்ணும் மூக்கும் சிவந்து, கையில் கைக்குட்டையோடு இருந்தார். அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் அண்ணன் வக்கீலக்காவை ஓரமாக இழுத்தார்.

"கோர்ட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுங்களேன். யார் வேணும்னாலும் வந்து உக்காரலாம். அவரே கேட்டுக்கட்டும். தப்பில்லையே?"

வக்கீலக்காவின் மனம் ஒரு கணம் ஊசலாடத்தான் செய்தது. நிதி நின்றுபோனால் அண்ணனுக்கே வேலை இல்லை.

"வேண்டாம்ணே. அவ முடியாதுன்னுட்டா. பின்வாசல் வழியாப் போய்க் கேக்கறதும் கேக்கறதுதான்."

அதிகாரியிடம் நேராகவே சொன்னாள்: "பேசறதுக்கு யாரும் வரமாட்டாங்க சார். எனக்கு இப்ப கேஸ் இருக்கு, போயாகணும்."

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்து, தும்மினார். "போயிட்டு வாங்க. நான் இருக்கேன்" என்றார்.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா கேட்டார். நீதிபதி மசியவில்லை. பொழுது சாய்வதற்குள் பூட்டைத் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. இஸ்திரிக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. தம்பியை இழுத்துக்கொண்டு வக்கீலக்காவுக்கு முன்னாலேயே அலுவலகப் படியேறினாள்.

அங்கே நிற்க இடமில்லை. தன் நாற்காலியை ஒரு கர்ப்பிணிக்குக் கொடுத்துவிட்டு, அதிகாரி பெஞ்சின் நுனியில் ஒண்டிக்கொண்டிருந்தார். வக்கீலக்கா உள்ளே போய், உத்தரவை அண்ணனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினால், இஸ்திரிக்காரி அவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்திருந்தாள்.

"அழாதீங்கய்யா. ஆம்பளை இப்படிக் கலங்கலாமா? எங்க அக்கா கையில கேஸைக் குடுத்துட்டீங்கல்ல, இனிமே அது அவங்க தலைவலி. நாங்க மட்டும் என்ன? நடுத்தெருவுல நின்னோம். நாலு ராத்திரி பஸ் ஸ்டாண்டுல படுத்துக் கிடந்தோம். தம்பி தூங்கட்டும்னு நான் முழிச்சிருப்பேன், நான் தூங்கட்டும்னு அவன் முழிச்சிருப்பான். ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிட்டு நடிப்போம்..."

அதிகாரி கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், காரியம் தானாக முடிந்துவிடும். வக்கீலக்காவால் முடியவில்லை.

"ஏய், நிறுத்து. அவர்தான் அறக்கட்டளை அதிகாரி."

இஸ்திரிக்காரி விருட்டென்று எழுந்தாள். அதிகாரியும் எழுந்தார். "நான் முதல்லயே சொல்லியிருக்கணும். நீங்க சொல்லச் சொல்ல, நிறுத்த மனசு வரல."

"இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்தா, பணம் குடுக்கற ஆளுன்னு யாருய்யா கண்டா?" என்று அவள் சீறினாள்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு சத்தம். தம்பி சுவரில் சாய்ந்து, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை விடாமல் பார்த்திருக்கிறான். அதிகாரியைக் காட்டி, கண்ணைத் துடைப்பதுபோல் நடித்து, அக்கா அவருக்கு ஆறுதல் சொன்னதை அப்படியே செய்துகாட்டினான். பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். இஸ்திரிக்காரி கோபத்தைப் பிடித்துவைக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"கேட்டது கேட்டதா இருக்கட்டும். ஆனா ஒரு எழுத்து எழுதக்கூடாது."

"எழுதமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

புறப்படும்போது அவர் வக்கீலக்காவிடம் சொன்னார்: "கதை எங்கேன்னு அறக்கட்டளைக் குழுவுல கேப்பாங்க. கேக்கட்டும். பெஞ்சுல இடமில்லாம ஜனங்க நின்னதைப் பாத்தேன்னு சொல்றேன்."

அவர் சொன்ன சொல் தவறவில்லை. மூன்று ஆண்டுக்குக் கேட்டிருந்தார்கள், ஓராண்டுக்குத்தான் நிதி வந்தது. தட்டச்சு அண்ணன் ஒரு வாரம் முணுமுணுத்தார். வக்கீலக்கா முதல் வேலையாக இன்னொரு பெஞ்சு வாங்கிப் போட்டாள். அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்று சாயங்காலம் வக்கீலக்காவும் கூட வந்து நிற்க, வீட்டுக்காரரின் ஆள் சாவியோடு வந்தான். மழையில் துருவேறிய பூட்டு அசைந்து கொடுக்கவில்லை. எண்ணெய் விட்டு, தட்டி, திட்டி, மறுபடி திருகினான். தம்பி உள்ளங்கையைக் கதவில் பதித்து நின்றான். பூட்டு விட்டுக்கொடுத்தது முதலில் அவனுக்குத்தான் தெரிந்தது. மற்றவர்கள் நிமிர்வதற்குள் கதவைத் தள்ளிவிட்டான்.

உள்ளே தூசி, அடைபட்ட வாடை, கொடியில் காய்ந்து விறைத்துப்போன துணிகள். இஸ்திரிக்காரி இருந்த ஒரே நாற்காலியைக் கையாலேயே துடைத்தாள்.

"வாங்கக்கா. முதல்ல நீங்க உக்காருங்க."

"கோட்டு அழுக்காகிடும்டி."

"ஆகட்டும். எதுக்கு இருக்கேன் நான்?"