தனியாகச் செய்த வேலை

பயிற்சி ஏட்டில் எழுதாமல் கிடந்தது ஒரே ஒரு பக்கம்தான். கடைசிப் பக்கம். மேலே தலைப்பை அச்சடித்தே கொடுத்திருந்தார்கள்: ‘தனியாகச் செய்த வேலை’. அதன் கீழே பதினெட்டு கோடுகள், உடன் பணிபுரிபவர் கையெழுத்துக்கு ஒரு கட்டம். மற்ற நாற்பது பக்கங்களையும் ஸ்கேல் வைத்து ஓரம் விட்டு நிரப்பியவளுக்கு இந்த ஒரு பக்கம் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

லிஃப்ட் மெக்கானிக் பயிற்சி அது. மூன்று வருடம். முதல் வருடம் வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு, ஒரு நாள் வேலை. இரண்டாம் வருடம் மூன்றுக்கு மூன்று. மூன்றாம் வருடம் சனிக்கிழமை மட்டும் வகுப்பு, மீதி ஐந்து நாளும் வேலை. அவளுடைய மகள் இதையெல்லாம் ஒரு அட்டையில் கட்டம் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். வகுப்புக்கு நீலம், வேலைக்குச் சிவப்பு. நீலம் வருடத்துக்கு வருடம் இளைத்து, இப்போது ஓரத்தில் ஒற்றை வரிசையாக நின்றது.

“அம்மா, ஸ்கூல் ஃபார்ம்ல ‘தாயின் தொழில்’னு கேக்கறாங்க. போன வருஷம் ‘பாதி மெக்கானிக்’னு எழுதினேன். டீச்சர் என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. இந்த வருஷமாவது முழுசா எழுதலாமா?”

“திங்கட்கிழமை வரைக்கும் பொறுடி.”

திங்கட்கிழமையிலிருந்து முழுநேர வேலை. ஆனால் அதற்கு முன் சனிக்கிழமை ஏட்டை ஒப்படைக்க வேண்டும், ஒரு பக்கம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது. இருந்தால் அடுத்த ஆறு மாதத்துக்கு மறுபடி வகுப்பு.

வகுப்பில் மற்ற பதின்மூன்று பேரும் அந்தப் பக்கத்தை எப்போதோ எழுதி முடித்துவிட்டார்கள். எல்லாம் சின்ன வயசுப் பிள்ளைகள். எதையோ எழுதி, யாரிடமோ கையெழுத்து வாங்கி, வேலை முடிந்தது. முப்பத்தொன்பது வயதில் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தவளால் அப்படி முடியவில்லை. பாடத்தில் ஒரு வரி விடாமல் சிவப்பு மையால் கோடு போடுவதால் வகுப்பில் அவளுக்கு ‘அடிக்கோடு’ என்றே பெயர். அந்த அடிக்கோடுதான் ஒருநாள் கையைத் தூக்கிக் கேட்டாள்:

“மிஸ், பாடப் புத்தகத்துல நாலாம் பக்கத்துல ‘லிஃப்டில் யாரும் தனியாக வேலை செய்யக் கூடாது’ன்னு போட்டிருக்கு. ஏட்டுல கடைசிப் பக்கத்துல ‘தனியாகச் செய்த வேலை’ங்கறீங்க. எதைக் கேக்கறது?”

வகுப்பே சிரித்தது. பயிற்சி ஆசிரியையும் சிரித்துவிட்டார். “அந்தத் தனி வேற, இந்தத் தனி வேற. போகப் போகப் புரியும்.”

போய்ப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது, புரிந்தபாடில்லை.

அவளோடு வண்டியில் வரும் மெக்கானிக்குக் கம்பெனியில் ‘ரேடியோ’ என்று பெயர். அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். வேலையில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி. காலையில் வண்டிச் சாவியைத் திருப்பும்போது ஆரம்பித்தால் சாயங்காலம் சாவியை எடுக்கும்வரை ஓயமாட்டான். அவள் ஸ்பேனரை எடுக்குமுன் “பதிமூணு எடுங்கக்கா” என்பான். எடுத்தபின் “இடது பக்கம் முதல்ல” என்பான்.

புதன்கிழமை அவன் அந்த வெற்றுப் பக்கத்தைப் பார்த்துவிட்டான்.

“அடக் கடவுளே, இதுக்கா ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க? குடுங்க, கையெழுத்துப் போடறேன். எத்தனை வேலை பண்ணியிருக்கீங்க!”

“எது தனியாப் பண்ணினேன்? நீ சொல்லச் சொல்லத்தானே பண்ணினேன்?”

“நான் சொல்லாட்டியும் அதைத்தான் பண்ணியிருப்பீங்க.”

“அது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதே தம்பி.”

ரேடியோ நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். பிறகு, “சரிக்கா. நாளைக்கு முதல் வேலை உங்களோடது. நான் பக்கத்துல நிப்பேன், வாயைத் திறக்கமாட்டேன். ஆபத்துன்னா மட்டும் கத்துவேன்.”

“அதுக்குக் கத்தலைன்னாதான் உன்னைச் சும்மா விடமாட்டேன். ஆனா உன்னால முடியுமா?”

“என்னக்கா, என்னைப் பத்தி என்ன நினைச்சீங்க!” என்று ஆரம்பித்து, தான் எவ்வளவு அமைதியானவன் என்பதைப் பற்றி வீடு வரும்வரை பேசிக்கொண்டு வந்தான்.

வியாழக்கிழமை வேலை ஒரு ஐந்து மாடிக் கட்டடத்தில். மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவு மூடுகிறது, உடனே திறந்துகொள்கிறது, மறுபடி மூடுகிறது. அந்த மாடித் தையல் கடைக்காரம்மா திரைச்சீலைகளை மூட்டையாகக் கட்டி வைத்துக்கொண்டு, “காலையிலேர்ந்து இது என்கூடக் கண்ணாமூச்சி ஆடுது” என்றார்.

ரேடியோ ஒரு பென்சிலை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு சுவரோரம் நின்றான்.

அவள் ஒவ்வொரு மாடியாக ‘வேலை நடக்கிறது’ என்ற பலகையை மாட்டினாள். மேல் மாடிக் கதவைத் திறந்து லிஃப்டை நிறுத்தும் விசையை அமுக்கினாள், அது வேலை செய்கிறதா என்று சோதித்தாள், லிஃப்டின் கூரையில் இறங்கினாள். கதவு மூடியதும் மேலே ஒரு கொக்கி ஏழு மில்லிமீட்டராவது பூட்டுக்குள் இறங்க வேண்டும். இங்கே நாலுதான் இறங்கியது, அதனால் கதவு மூடவில்லை என்று நினைத்து லிஃப்ட் அதைத் திறந்துவிட்டது. ரேடியோவாக இருந்தால் பூட்டைக் கொஞ்சம் தளர்த்தி நகர்த்தி, பத்து நிமிடத்தில் முடித்திருப்பான். திறந்த கதவு வழியே அவன் கை அந்தத் திசையில் தன்னையறியாமல் நீள்வது தெரிந்தது. பென்சில் முறிகிற மாதிரி ஒரு சத்தமும் வந்தது.

அவள் பூட்டைத் தொடவில்லை. ஐந்து மாடிக் கதவுகளையும் அளந்து வரிசையாக எழுதினாள். மற்ற நாலு மாடியிலும் ஏழுக்கு மேல். அப்படியானால் கோளாறு மூன்றாம் மாடியில் மட்டும்; அங்கே பூட்டு இடம் மாறிய தடம் இல்லை, கதவுதான் சாய்ந்திருக்கிறது. கீழே வந்து மண்டியிட்டுப் பார்த்தாள். கதவின் அடியில், பள்ளத்தில் ஓடும் பிளாஸ்டிக் கட்டைகளில் ஒன்று, பழைய செருப்புக் குதிகால் மாதிரி ஒரு பக்கம் தேய்ந்து போயிருந்தது. புதுக் கட்டையைப் போட்டாள். மறுபடி மேலே போய் அளந்தாள். எட்டு.

எல்லாம் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே வழக்கம்போல் கேட்டாள்:

“சரிதானே தம்பி?”

ரேடியோ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். காது இரண்டும் சிவந்து போயிருந்தன.

அவளுக்குச் சட்டென்று உறைத்தது. மூன்று வருடமாக ஒரு வேலையைக்கூட இந்தக் கேள்வி இல்லாமல் அவள் முடித்ததில்லை. கூட ஆள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? சரியா தப்பா என்று சொல்வதைத்தான் அவள் ஒவ்வொரு தடவையும் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு நின்றிருக்கிறாள்.

அவள் லிஃப்டுக்குள் ஏறினாள். ஐந்தாம் மாடிவரை போய்த் திரும்பி வந்தாள். மூன்றாம் மாடிக் கதவை இருபது தடவை திறந்து மூடி எண்ணினாள். பிறகு பலகைகளைக் கழற்றினாள்.

தையல் கடைக்காரம்மா மூட்டையோடு வந்து ரேடியோவிடம் கேட்டார். “என்னப்பா, ஏறலாமா?”

அவன் சுவரைவிட்டுத் திரும்பாமல், பின்னால் கையை நீட்டி அவளைக் காட்டினான்.

“பாவம், இவர் பேசவே மாட்டார் போலிருக்கே?”

“இன்னிக்கு மட்டும்தாம்மா” என்றாள் அவள். “ஏறலாம். சரியா இருக்கு.”

கதவு மூடியது. மூடியே இருந்தது. மூட்டையும் அம்மாவும் கீழே போய்ச் சேர்ந்தார்கள்.

படிக்கட்டில் உட்கார்ந்து அவள் கடைசிப் பக்கத்தை எழுதினாள். பதினேழு கோடுகள் நிரம்பின. பதினெட்டாவது கோட்டில் கொஞ்சம் யோசித்து, ‘உடன் ஒருவர் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை’ என்று எழுதி, ஸ்கேலை வைத்துச் சிவப்பில் அடிக்கோடு போட்டாள். ரேடியோ அதை இரண்டு தடவை படித்தான். கையெழுத்துப் போட அவனிடம் இருந்தது பாதிப் பென்சில்தான். அவளுடைய பேனாவை வாங்கிப் போட்டான்.

வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினான்.

“இப்பப் பேசலாமாக்கா?”

“பேசு.”

“அந்தக் கட்டை இருக்கே, அது எனக்குத் தோணவே இல்லக்கா. நான் பூட்டைத்தான் நகர்த்தியிருப்பேன். அடுத்த மாசம் அந்தம்மா மறுபடி மூட்டையோட நின்னிருப்பாங்க, நானும் மறுபடி போய் நின்னிருப்பேன். அப்புறம் இன்னொண்ணு, அந்தப் பென்சில் இருக்கே...”

இரண்டரை மணி நேரப் பேச்சு பாக்கி இருந்தது. அவள் ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு, போன வாரம்வரை காதை அடைத்த அந்தச் சத்தத்தை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை ஆசிரியை கடைசிப் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“இதை எழுதித்தான் ஆகணுமா?”

“இருந்தாரே மிஸ்.”

முத்திரை விழுந்தது. வீட்டுக்கு வந்தபோது மகள் ஃபார்மையும் பேனாவையும் தயாராக வைத்துக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள்.

“என்னம்மா, எழுதவா?”

“எழுது” என்றாள். “எழுத்தைக் கொஞ்சம் பெரிசாவே போடு.”