யோகராணி தூக்கிப் பார்த்த ஜெனரேற்றர்

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மொன்றியலின் வில்லரேயில் இருந்த அவர்களுடைய வீட்டுப் பின்சந்துக்குள் அந்த ட்றெயிலர் வந்து நின்றது. யோகராணி வேலைசெய்யும் புவாண்ட்-கிளேர் பண்டகசாலையில் அவளோடு வேலைசெய்த பெண் ஒருத்தி ஓய்வுபெற்று மாடிவீட்டுக்குக் குடிபோனாள். நிறுத்த இடமில்லாமல் அவள் விற்ற, காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் பயண ட்றெயிலர் அது. உள்ளே ஒரு கட்டில், ஒரு மடக்குமேசை, காஸில் ஓடும் சின்னக் குளிர்பெட்டி, ஒருவர் நின்று தோசை சுடக்கூடிய அளவில் ஒரு அடுப்பு. அவ்வளவுதான்.

அவளுடைய கணவர் உருத்திரமூர்த்தி பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இதென்ன?"

"எங்கடை ட்றெயிலர்."

"ஆர் போறது இதிலை?"

"வேறை ஆர்? நீங்களும் நானும்தான்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவருடைய கோபம் அவளுக்குப் புதிதல்ல. இருபத்திரண்டு வருடங்கள் மொன்றியல் துறைமுகத்திலிருந்து கொள்கலன்களை ஏற்றிக்கொண்டு நாடு முழுக்க ஓடித் திரிந்த மனிதர் அவர். இரண்டு வருடங்களுக்கு முன் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. அன்றிலிருந்து வயிற்றில் ஒரு மெல்லிய குழாய். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் இயந்திரம் இரவு முழுக்க அந்தக் குழாய் வழியாகத் திரவத்தை உள்ளே விட்டு, அழுக்கோடு வெளியே எடுக்கும். ஒன்பது மணித்தியாலம். ஒரு நாள்கூட விடமுடியாது. பாரவண்டி ஓட்டுவதை விட்டார். பிறகு கலியாண வீடுகளுக்குப் போவதையும் விட்டார். யாராவது கூப்பிட்டால், "நான் சுவரிலை கட்டிவிட்ட ஆள்" என்று சொல்லித் தட்டிக் கழித்துவிடுவார்.

அன்று பின்னேரம் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு யோகராணி எதிரே உட்கார்ந்தாள்.

"மிசினையும் ஏத்திக்கொண்டு போகலாம். கரண்டு இருந்தால் சரி."

"ட்றெயிலர் விடுற முகாம்களிலை கரண்டு உள்ள இடங்கள் எல்லாம் இப்பவே நிரம்பியிருக்கும்."

"நிரம்பிட்டுது, நான் பாத்திட்டன். ஆத்தங்கரையிலை கரண்டில்லாத இடம்தான் இருக்கு. ஒரு ஜெனரேற்றர் வாங்குவம். எது நல்லதெண்டு எனக்குத் தெரியாது. நீங்கள்தான் வந்து பாக்கவேணும்."

ஜெனரேற்றரைப் பார்க்கவேண்டும் என்றதும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. யோகராணி அதைக் கவனித்தாள்.

அடுத்த கிழமை நெடுஞ்சாலை ஓரத்துக் கடையொன்றுக்குப் போனார்கள். உருத்திரமூர்த்தி நேரே போய் நின்றது, கட்டட வேலைக்காரர்கள் வாங்கும் பெரிய ஜெனரேற்றருக்கு முன்னால். இரும்புச் சட்டத்துக்குள் இரண்டு சில்லோடு அது ஒரு கன்றுக்குட்டிபோல நின்றது.

"ஐயாயிரத்தைந்நூறு வாட். இதெண்டால் ஒருநாளும் கைவிடாது" என்றார்.

விற்பனையாளன் அதை முற்றத்துக்கு உருட்டிப்போய் ஓடவிட்டுக் காட்டினான். பக்கத்தில் நின்ற யோகராணி ஏதோ கேட்டாள். அந்த இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. திரும்பக் கத்தினாள். அப்போதும் கேட்கவில்லை. நிறுத்திய பிறகு அவள் கைபிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். அது அசையவேயில்லை.

"இதை ஆர் ட்றெயிலருக்குள்ளை ஏத்தி இறக்கிறது?"

"நான்தான்."

"வயித்திலை குழாயோடையோ? பாரம் தூக்கக்கூடாதெண்டு ஆசுப்பத்திரியிலை உங்களுக்கு எத்தினைதரம் சொன்னவை?"

விற்பனையாளனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவன் இரண்டு அடி பின்னால் தள்ளி நின்றான். அவர்கள் ஒன்றும் வாங்காமல் திரும்பினார்கள்.

கணவரின் மாதாந்தப் பரிசோதனைக்காக ஆசுப்பத்திரிக்குப் போனபோது யோகராணி தன் உடைந்த பிரெஞ்சில் தாதியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மரீ-ஈவ் என்ற அந்தத் தாதி கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள். நல்ல யோசனைதான், ஆனால் மின்சாரம் ஏறி இறங்காமல் சீராக வரவேண்டும், மலிவான ஜெனரேற்றரில் இந்த இயந்திரம் பழுதாகிவிடலாம் என்றாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். முகாம்களில் இரவில் ஜெனரேற்றர் போட விடமாட்டார்களே, என்ன செய்யப் போகிறீர்கள்?

யோகராணி அதை யோசித்திருக்கவில்லை. கைபேசியில் அந்த முகாமின் விதிகளைத் தேடிப் படித்தாள். காலையில் எட்டிலிருந்து பத்து, மாலையில் ஐந்திலிருந்து ஏழு. மற்ற நேரத்தில் தடை.

"பாத்தீரோ?" என்றார் உருத்திரமூர்த்தி. வீடு வரும்வரைக்கும் வாய் திறக்காமல் கார் ஓட்டினார். அவர் சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் வேலைத்தலத்தில், சாப்பாட்டு இடைவேளையில், பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டே அவள் மரீ-ஈவுக்குத் தொலைபேசி எடுத்தாள். வேறு வழியே இல்லையா?

இருக்கிறது என்றாள் தாதி. இயந்திரமில்லாமல் கையாலேயே செய்யலாம். பகலில் நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் அரைமணித்தியாலம். திரவப் பையைக் கொழுவி, பழையதை வடியவிட்டு, புதியதை உள்ளே விடவேண்டும். அதற்குக் கரண்டே தேவையில்லை. பையை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர ஒரு சூடாக்கும் மெத்தை போதும். காலையில் இரண்டு பை, மாலையில் இரண்டு பை சூடாக்கிச் சூடுகாக்கும் பைக்குள் வைத்துவிடலாம். "உங்கள் கணவர் அதைச் செய்து பழகியவர்தானே" என்றாள்.

பழகியவர்தான். அதுதான் பிரச்சினை. ஆரம்பத்தில் ஒரு மாதம் அவர் கையால் செய்தார். எங்கேயோ ஒருநாள் சுத்தம் தவறி, வயிற்றுக்குள் கிருமி போய், காய்ச்சலும் குத்துமாகப் பத்து நாள் ஆசுப்பத்திரியில் கிடந்தார். அதற்குப் பிறகு அவர் இயந்திரத்தை மட்டுமே நம்பினார்.

யோகராணி விசயத்தைச் சொன்னதும் அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"வேண்டாம். என்ரை கையாலைதான் அந்தக் காய்ச்சல் வந்தது. திரும்ப நான் தொடமாட்டன்."

"நீங்கள் தொடவேண்டாம். நான் செய்யிறன்."

"உமக்கென்ன தெரியும்?"

"தெரியாது. படிப்பன்."

அவர் யன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அங்கிருந்தே குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ராணி, பிழை வந்துதெண்டால்?"

"பிழை வராமல் பாப்பம். வந்தால் ஆசுப்பத்திரிக்குப் போவம். இப்பிடியே இந்த அறைக்குள்ளை இருந்தால் மட்டும் எல்லாம் சரியா வருமோ?"

அவள் ஆசுப்பத்திரியில் பயிற்சிக்குப் போன நாட்களில் அவரும் கூடப் போனார். கைகழுவும் முறை, முகமூடி, கதவு யன்னல் சாத்துவது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது. பண்டகசாலையில் ஒருநாளைக்கு ஆயிரம் பெட்டி பிழையில்லாமல் அடுக்குகிற கைகள் அவளுடையவை. மூன்றாம் நாள் மரீ-ஈவ் அவளைத் தனியே செய்யவிட்டுக் கைகட்டி நின்று பார்த்தாள். கடைசியில் தலையை ஆட்டி, "பார்ஃபே" என்று பிரெஞ்சில் பாராட்டினாள்.

இனி ஜெனரேற்றர் பெரிதாக இருக்கவேண்டியதில்லை. சூடாக்கும் மெத்தை, விளக்குகளுக்கான பற்றரி, கைபேசி, இவ்வளவும் இழுத்தால் சரி. மே மாதத் தொடக்கத்தில் திரும்பவும் அதே கடைக்குப் போனார்கள். விற்பனையாளன் அவர்களை மறக்கவில்லை. சீரான கரண்டு தருகிற இரண்டாயிரம் வாட் சின்ன ஜெனரேற்றர்கள் இரண்டைக் கொண்டுவந்து வைத்தான். ஒன்று சிவப்பு, மற்றது நீலம். சூட்கேஸ் அளவுதான் இருந்தன.

யோகராணி சிவப்பைக் குனிந்து தூக்கினாள். தூக்கிக்கொண்டே கடையின் நடைபாதையில் அந்தம்வரை நடந்து திரும்பிவந்து மெதுவாக இறக்கினாள். பிறகு நீலத்தையும் அப்படியே கொண்டுபோய்க் கொண்டுவந்தாள்.

"ரெண்டும் இருபத்தொரு கிலோதான் வரும். நான் வேலையிலை தூக்கிற பெட்டி அளவு. எது எண்டாலும் எனக்குச் சரி."

உருத்திரமூர்த்தி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வயிற்றில் குழாய் வரும்வரைக்கும் வீட்டில் பாரமானதெல்லாம் அவர்தான் தூக்கினார். அவர் முகத்தில் ஏதோ வந்து போனது. அது கவலையா, பெருமையா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு அவர் விற்பனையாளனைக் கைகாட்டி அவளிடம் சொன்னார்.

"ரெண்டையும் போட்டுக் காட்டச் சொல்லும். வெறுமனே இல்லை, ஒரு ஹீற்றரையும் கொழுவச் சொல்லும்."

முற்றத்தில் சிவப்பு ஓடியது. ஹீற்றரைப் போட்டதும் அதன் சத்தம் ஒருதரம் தாழ்ந்து, ஏறி, திரும்பத் தாழ்ந்து, அதற்குப் பிறகுதான் நிலைத்தது. நீலத்துக்கும் அதையே செய்தார்கள். அது ஒருமுறை உறுமிவிட்டு ஒரே சீராக ஓடியது. அவர் கண்ணை மூடி, தலையைச் சரித்துக் கேட்டார். இரண்டு வருடத்தில் அவர் இப்படி நின்று அவள் பார்க்கவில்லை.

"நீலம்" என்றார். "மற்றது மூச்சு வாங்குது."

அவர்கள் சாதாரணமாகக் கதைக்க, நீலம் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதையே வாங்கினார்கள்.

மே மாத முடிவில் ஒரு வெள்ளிக்கிழமை, அன்றைய ஒன்பது மணித்தியாலத்தைப் பகலிலேயே இயந்திரத்தில் முடித்துவிட்டு, பின்னேரம் புறப்பட்டார்கள். ஒன்றரை மணித்தியாலப் பயணம். உருத்திரமூர்த்திதான் ஓட்டினார். ட்றெயிலரை ஆற்றங்கரையில் மரங்களுக்கு நடுவே ஒரே வெட்டில் பின்னால் எடுத்து நிறுத்தியபோது, பக்கத்து இடத்தில் தங்கியிருந்த வயதான தம்பதிகள் கதிரையில் இருந்தபடியே கைதட்டினார்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணி. யோகராணி ஜெனரேற்றரைத் தூக்கிக்கொண்டுபோய், புகை உள்ளே வராதபடி ட்றெயிலரிலிருந்து தூரத்தில், யன்னலுக்கு மறுபக்கமாக வைத்தாள். கயிற்றை இழுத்தாள். இருமிவிட்டு நின்றது. திரும்ப இழுத்தாள். இந்தமுறை இருமவும் இல்லை. அவள் நெற்றியில் வேர்த்துவிட்டது.

"அவசரப்படாதையும்" என்று படியில் இருந்து அவர் சொன்னார். "பெற்றோல் திறந்திருக்கோ?"

"ஓம்."

"அப்ப சோக்கை முழுக்க இழும். கயிறை முதல் மெதுவா, இறுகிற இடம் வரைக்கும். பேந்து ஒரே இழுவை."

அவர் சொன்னபடியே இழுத்தாள். நீலம் சட்டென்று பிடித்துக்கொண்டது.

பைகள் சூடாகும்வரை இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார்கள். பிறகு கதவும் யன்னல்களும் சாத்தப்பட்டன. யோகராணி கைகழுவினாள், முகமூடி கட்டினாள், படித்ததை ஒன்றொன்றாகச் செய்தாள். உருத்திரமூர்த்தி கூரையைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் இருந்தார்.

வடிந்த பையை இறுதியில் அவள் யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கிருமி இருந்தால் கலங்கித் தெரியும். அவர் நம்பாமல் ஜெனரேற்றரோடு வந்த புத்தகத்தை எடுத்துப் பைக்குப் பின்னால் விரித்துப் பிடித்தார். பையினூடாக எழுத்து எழுத்தாக வாசித்தார்.

"முதல் இருபது மணித்தியாலம் ஓடினபிறகு எண்ணெய் மாத்தவேணுமாம்."

"தெளிவாத் தெரியுதோ?"

"முற்றுப்புள்ளியும் தெரியுது."

அவள் முகமூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்தபோது பக்கத்து இடத்து முதியவர் இரண்டு குவளைக் கோப்பியோடு நின்றார், ட்றெயிலரைப் பின்னால் எடுத்த விதத்தைப் பற்றிக் கேட்பதற்கு. உருத்திரமூர்த்தி அவருக்கு ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார், பாதி பிரெஞ்சிலும் பாதி கையாலும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யோகராணி சாமான்களைக் கட்டத் தொடங்கினாள். அவர் ஆற்றங்கரையில் இருந்து நடந்துவந்து, கட்டிய பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கித் திரும்பவும் மேசையில் வைத்தார்.

"திரவப் பை எத்தினை இருக்கு?"

"மூண்டு நாளைக்குப் போதும். ஏன்?"

"அப்ப நாளைக்கு லீவு கேட்டுப் பாருமன்" என்றார்.