இருநூற்றுப் பன்னிரண்டாவது பறவை

கோழித் தீவனம் விற்கிறவளுக்குக் காட்டுக் குருவிகளோடு என்ன வேலை என்று எங்கள் ஊரில் என்னைக் கேட்காதவர்கள் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: அதுகளுக்கு நான் தீவனம் போட வேண்டியதில்லை. காலை ஆறு மணிக்குக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினால், எட்டு மணிக்குக் கடை திறக்கும்வரை என்னை யாரும் பிடிக்க முடியாது. ஆற்றுப் பாதை, காபித் தோட்டத்து ஓரம், பள்ளிக்கூடக் குழாயடி. என் காடு அவ்வளவுதான். நைரோபியில் இருக்கும் என் மகன் முதீ தன் பழைய கேமராவைக் கொடுத்த நாளிலிருந்து ஆறு வருஷத்தில் இருநூற்றுப் பதினொரு பறவைகளைப் படம் எடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால், அதில் பாதிக்கு மேல் கண்டுபிடித்தது நான் அல்ல, பக்கத்து வீட்டு நியாகுதி. என்னிடம் கேமரா இருந்தது, அவளிடம் கண் இருந்தது. தினமும் என்கூட வருவாள். இலைக்குள் இலையாக உட்கார்ந்திருக்கும் பச்சைக் குருவியை நடந்துகொண்டே பார்த்துவிடுவாள். கை நீட்டினால் பறந்துவிடும் என்று மோவாயால் காட்டுவாள்.

"அங்க பாரு. அங்க இல்லடி, அங்க. கதோனி, உனக்குக் கடவுள் எதுக்குத்தான் ரெண்டு கண்ணு குடுத்தாரு?"

"ஒண்ணு கேமராவுக்கு, இன்னொண்ணு உன்னை முறைக்கிறதுக்கு."

அவள் சிரிக்கிற சிரிப்பில் அந்தக் குருவி பறந்துபோகும். எத்தனை படம் அப்படிப் போயிருக்கிறது என்று கணக்கே இல்லை.

மூன்று வருஷமாக அவள் கழுத்தில் ஒரு கழலை வளர்ந்துகொண்டிருந்தது. எலுமிச்சை அளவில் இருந்தது அவகாடோ அளவுக்கு வந்ததும் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆற்றுப் பாதை மேடு ஏற முடியவில்லை. பிறகு குழாயடிவரைகூட வர முடியவில்லை. கடைசியில் படுக்கவே முடியாமல் போயிற்று. படுத்தால் தொண்டையை யாரோ அமுக்குகிற மாதிரி இருக்கிறது என்று ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். வெட்டி எடுத்தே ஆகவேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி, ஏழு மாதம் காத்திருந்த பிறகு ஒரு வியாழக்கிழமையைக் கொடுத்திருந்தார்கள். விட்டால் மறுபடி எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதுவரை அவள் மூச்சு தாங்குமா என்பதும் தெரியாது.

நான் தனியாகப் போய்வந்து படங்களை அவளிடம் காட்டுவேன். எல்லாப் பறவையும் பார்ப்பாள், ஒன்றைத் தவிர. ஆந்தை என்று வாயெடுத்தாலே காதைப் பொத்திக்கொள்வாள். 'அது' என்றுதான் சொல்வாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆந்தை வந்து கூவிய வீட்டில் பிணம் விழும் என்று நம்புகிற ஊர் இது. ஆந்தைக் குரல் கேட்டால் என் அப்பா அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை எடுத்து எறிவார். நான் நாலு புத்தகம் படித்து, நோட்டில் தேதி போடக் கற்றுக்கொண்டு, அதையெல்லாம் தாண்டிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கோ இருநூற்றுப் பன்னிரண்டாவது அதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று ஒரு வெறி. எங்கள் இரண்டு வீட்டு வேலிக்கும் நடுவில் நிற்கும் பெரிய அத்திமரத்தில் எப்போதோ ஒரு காட்டு ஆந்தையின் இறகு கிடைத்தது. அதிலிருந்து பதினான்கு மாதம் காத்திருந்தேன். ஆள் கண்ணில் படவே இல்லை. அப்போதுதான் பறவைப் படம் எடுப்பவர்களின் போன் குழுவில் ஒருத்தர் வழி சொன்னார். பெண் ஆந்தையின் குரலைப் பதிவு செய்து ஒலிக்க விட்டால் ஆண் தேடிக்கொண்டு வருமாம். பறவைகளை அலைக்கழிக்கிற வேலை, வேண்டாம் என்று இன்னொருத்தர் அதற்குக் கீழேயே எழுதியிருந்தார். அதைப் படிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தின சனி, ஞாயிறு, திங்கள், மூன்று நாளும் சாயங்காலம் ஆறரைக்கு வேலியில் ஒரு சின்ன ஸ்பீக்கரைச் சொருகி வைத்து, போனைத் தட்டிவிட்டு, வாழை மறைவில் கேமராவோடு உட்கார்ந்தேன். 'ஹூ-ஹூ... ஹு-ஹு-ஹூ' என்று அது பத்து நிமிஷம் கூவும். ஆந்தை வரவில்லை. கொசு வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பத்தடியில் நியாகுதியின் ஜன்னல் இருக்கிறது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு மனுஷி எங்கே தெரிவாள்?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் புருஷன் வச்சிரா கடைக்கு வந்தார். தீவனம் வாங்க வரவில்லை. வந்தவர் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"முதீ அம்மா, நீங்க வந்து சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறா. கட்டி வச்ச பையை எல்லாம் பிரிச்சு அலமாரியில அடுக்கிட்டா. ஆபரேஷனுக்குப் போகலையாம்."

"ஏன், என்ன ஆச்சு வங்கேசி அப்பா?" என்றேன். வங்கேசி அவர்கள் மகள்.

அவர் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது வந்து கூப்பிட்டுச்சு. மூணு நாளா, ஒரே நேரத்துக்கு. ஜன்னலுக்கு நேரா. நானும் என் காதால கேட்டேன். எப்படியும் போகப்போற உயிரு, கத்திக்குக் கீழ போக வேண்டாம், என் வீட்டுல போகட்டும்ங்கிறா. புதைக்கிறப்ப அந்தப் பச்சை கவுனைப் போடணும்னு எடுத்துக் காட்டினா, முதீ அம்மா. என்கிட்டயே எடுத்துக் காட்டினா."

என் கையிலிருந்த அளவுப் படியிலிருந்து தீவனம் கொட்டியது. குனிந்து அள்ளினேன். அள்ளி முடித்தும் நிமிராமல் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை. சாகக் கிடக்கிறவளின் ஜன்னலுக்கு ஆந்தையைக் கூப்பிட்டவள் என்றால் இந்த ஊர் எனக்கு என்ன பெயர் வைக்கும் என்று தெரியும். அந்தப் பெயர் விழுந்த வீட்டில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். "சாயங்காலம் வர்றேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஆறேகாலுக்குப் போனேன். கேமரா கழுத்தில் கிடந்தது. பழக்கம், கழற்றத் தோன்றவில்லை. நியாகுதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலை இறுக்கிச் சாத்தியிருந்தாள். வச்சிரா டீ கொண்டுவந்து வைத்தார். நான் டீயைத் தொடாமல் சொன்னேன்.

"நியாகுதி, அது கூப்பிடலை. நான்தான் கூப்பிட்டேன். என் போன்ல இருந்து வந்த சத்தம் அது. படம் எடுக்கணும்னு ஆசையில மூணு நாளும் வேலியில வச்சு விட்டேன். சத்தியமா."

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்காக இவ்வளவு பெரிய பொய் சொல்ற. உன் பேரு கெட்டாலும் பரவாயில்லைன்னு சொல்ற. உன்னை மாதிரி ஒருத்தி எனக்குக் கிடைச்சாளே, அது போதும் கதோனி."

இதைவிட அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

"பொய் இல்லடி, கழுதை!" என்று கத்தினேன். ஜன்னலைத் திறந்தேன். போனை ஜன்னல் கட்டைமேல் வைத்துத் தட்டினேன். 'ஹூ-ஹூ... ஹு-ஹு-ஹூ.'

நியாகுதியின் நகம் என் கையில் பதிந்தது. வச்சிரா வாயைத் திறந்தபடி போனையே பார்த்தார். "இதேதான்" என்றார். "இதே சத்தம்தான்."

நான் போனை அணைத்தேன். வீடு அமைதியானது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் மூச்சு விட்ட அந்த நேரத்தில், அத்திமரத்திலிருந்து, கொஞ்சம் தடித்த குரலில், பதில் வந்தது.

'ஹூ-ஹூ... ஹு-ஹு-ஹூ.'

வச்சிராவின் கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது. நியாகுதி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தொண்டையில் மூச்சு விசில் அடித்தது. நாலு புத்தகம் படித்த எனக்கும் முதுகு சில்லிட்டுப் போனது, மறைப்பானேன். பதினான்கு மாதம் வராத பறவைக்கு இந்த நிமிஷம்தானா கிடைத்தது?

அது பறந்து வந்ததை யாரும் கேட்கவில்லை. சத்தமே இல்லாமல் வந்து ஜன்னலுக்கு நேர் எதிரே வேலிக் கம்பத்தில் உட்கார்ந்தது. இன்னும் வெளிச்சம் இருந்தது. கேமராவை நான் யோசித்து எடுக்கவில்லை, கை தானாக எடுத்தது. மூன்று படம் விழுந்தது. அது எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. போனைப் பார்த்தது. தலையை இடப்பக்கம் சாய்த்தது, வலப்பக்கம் சாய்த்தது. கம்பத்தில் இரண்டு அடி நகர்ந்து மறுபடியும் போனைப் பார்த்து மெதுவாகக் கூவியது.

"நியாகுதி, கண்ணைத் திற. ஒரே ஒரு தடவை பாரு" என்றேன்.

"மாட்டேன்."

"இருநூத்திப் பதினொண்ணு பாத்திருக்க. படத்துலயாவது பாரு."

கேமராத் திரையை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு இன்னொன்று. உருண்டைத் தலை, கொம்பும் இல்லை கொடுக்கும் இல்லை, தூக்கம் வழிகிற பெரிய கருப்புக் கண்கள், வெள்ளைப் புள்ளி போட்ட பழுப்புச் சட்டை. அறுபது வருஷமாகப் பயந்த ஒன்றின் முகத்தை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். இன்னும் குனிந்து பார்த்தாள். "வயிறு முட்ட கிதேரி தின்னுட்டு உக்காந்த இடத்துல தூங்குவாரே வங்கேசி அப்பா, அதே மூஞ்சி."

"என்னை எதுக்குடி இழுக்கிற?" என்றார் வச்சிரா கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே.

வெளியே அது மறுபடியும் கூவியது. நியாகுதி இப்போது நேராகவே பார்த்தாள். "அது என்ன தேடுது?"

"போன்ல இருந்தது பொம்பளை ஆந்தைக் குரல். அதைத் தேடி வந்திருக்கு."

"பொண்டாட்டின்னு நெனச்சா?"

"ஆமா."

அவள் உடம்பு குலுங்கியது. மூச்சுதான் முட்டுகிறதோ என்று பயந்து தோளைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கழலை அமுக்கிய தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது.

"போனுக்கும் பொண்டாட்டிக்கும் வித்தியாசம் தெரியல. இதுக்கா கதோனி நான் சாகப்போற நாளு தெரியும்?"

மூன்று பேரும் சிரித்தோம். வச்சிரா சிரித்துக்கொண்டே அழுதார். முதலில் நிறுத்தியது நியாகுதிதான். என் கையைத் தட்டிவிட்டாள்.

"மூணு நாளு என்னைக் கொன்னுருக்க. மாடு வங்கேசிக்கு, தையல் மிஷினு அவ மகளுக்குன்னு உக்காந்து பிரிச்சுக்கிட்டிருந்தேன். நீ வாழைக்குப் பின்னால கொசு அடிச்சுக்கிட்டிருந்திருக்க."

"ஆமா. என்ன வேணா சொல்லு."

"சொல்றதுக்கு மூச்சு இல்ல. வந்து சொல்றேன். மொதல்ல அந்தப் பாட்டைப் போன்ல இருந்து அழி. பாவம், விடிய விடியத் தேடும்." அழித்தேன். அவள் அலமாரியைக் காட்டினாள். "பையை நீயே கட்டு. அந்தப் பச்சை கவுனை இஸ்திரி போட்டு மேல வை. திரும்பி வர்றப்ப போட்டுக்கணும்."

புதன்கிழமை மதாத்து வேனில் முன் இருக்கையில் அவளை ஏற்றி, வச்சிராவோடு அனுப்பினேன். வியாழக்கிழமை நான் பட்ட பாட்டை விரோதிகூடப் படவேண்டாம். முட்டைக் கோழிக்குக் கேட்டவனுக்குப் பன்றித் தீவனத்தைக் கட்டிக் கொடுத்தேன். கத்திக்குக் கீழே அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், ஆந்தை ஜெயித்ததாக ஊர் சொல்லும். நான்தான் வற்புறுத்தி அனுப்பினேன் என்று என் மனசு சொல்லும். ஜெபம் செய்தேன். நியாகுதி, செத்துத் தொலைக்காதே என்பதுதான் என் ஜெபம். மூன்றரை மணிக்கு வச்சிரா ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கூப்பிட்டார்.

"முதீ அம்மா, படுத்திருக்கா" என்றார்.

"படுத்திருக்காளா?"

"மல்லாக்கப் படுத்துத் தூங்குறா. கொறட்டை விட்டுக்கிட்டு. எவ்வளவு நாளாச்சு இப்படிப் பாத்து!"

தீவன மூட்டைமேல் உட்கார்ந்து நான் அழுத அழுகையைப் பார்த்து வாடிக்கையாளர் இரண்டு பேர் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள்.

ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்தாள். தொண்டைப் புண் ஆறும்வரை பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் பேசாமல் இருந்த மூன்று வாரம்தான் எங்கள் ஊர் சரித்திரத்திலேயே அமைதியான காலம். நான் காலையில் படம் எடுத்து வருவேன், அவள் பார்த்து மோவாயை ஆட்டுவாள். ஆந்தையின் படத்தைப் பிரிண்ட் போடச் சொல்லி எழுதிக் காட்டி வாங்கித் தலைமாட்டில் ஒட்டி வைத்தாள். ஆந்தைக் குரல் மட்டும் அந்தப் பக்கம் கேட்கவே இல்லை. நான் ஏமாற்றியதில் கோபித்துக்கொண்டு போய்விட்டது என்று எனக்குக் குற்ற உணர்ச்சி.

நாலாவது வாரம் ஒரு சாயங்காலம், சூரியன் இன்னும் கிரின்யாகா மலைக்கு மேல் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது, துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வேலிப் பக்கம் கேட்டது.

'ஹூ-ஹூ... ஹு-ஹு-ஹூ.'

தடித்த, கரகரத்த குரல். ஆண் ஆந்தை, சந்தேகமே இல்லை. துணியைப் போட்டுவிட்டு ஓடிக் கேமராவை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வாழை மறைவில் முழங்காலால் தவழ்ந்து போனேன். மரத்தைப் பார்த்தேன். கம்பத்தைப் பார்த்தேன். எங்கேயும் காணோம். மறுபடியும் கூவியது, ரொம்பப் பக்கத்தில், தாழ்வாக.

வேலியை மெதுவாக விலக்கினேன். பச்சை கவுன். கழுத்தில் சுற்றிய வெள்ளைத் துண்டு. இரண்டு கையையும் வாயில் குவித்து வைத்துக்கொண்டு நியாகுதி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் பின்னால் சாய்ந்து புல்லில் விழுந்து சிரித்தாள். குரல் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்கு அத்திமரத்திலிருந்த குருவிகள் எல்லாம் பறந்துபோயின.

"அங்க இல்லடி" என்றாள் கரகரவென்று. "இங்க. எதுக்குத்தான் உனக்கு ரெண்டு கண்ணு?"

எடுத்தேன். படம் ஆடிப் போய்விட்டது. கேமராவைக் குறை சொல்ல முடியாது.