அதே பல்கலைக்கழகம், அதே படிப்பு

ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் கமலேஸ்வரிக்கு இரண்டு வருத்தங்கள். ஒன்று முழங்கால், அதற்கு மருந்து உண்டு. மற்றது மேல்மாடிப் புஷ்பமலர். அவள் மகள் துஷ்யா இங்கிலாந்துக்கு இரசாயனம் படிக்கப் போன நாளிலிருந்து கமலேஸ்வரிக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. கோயிலில், லிஃப்டில், எங்கே கண்டாலும் புஷ்பமலர், "என்ரை பிள்ளை இங்கிலண்டிலை" என்றுதான் வாயைத் திறப்பாள்.

அந்த எரிச்சலில் தன் மகள் ஆரணியையும் அதே பல்கலைக்கழகத்துக்கு, அதே படிப்புக்கு விண்ணப்பிக்க வைத்தாள்; அங்கே இடமும் வந்தது. ஆரணிக்கோ ஒஸ்லோவிலேயே மருந்தாளர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது.

"இஞ்சை கட்டணமே இல்லை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டதிலையிருந்து அங்கை எங்கடை பிள்ளையளும் வெளிநாட்டாக்கள் மாதிரி அள்ளிக் குடுக்கவேணும். உமக்கென்ன விசரே?" என்றார் கணவர் சோதிலிங்கம்.

"மேல்வீட்டிலை இருந்து அவள் என்னைக் குனிஞ்சு பாக்கிறாள். அது உங்களுக்கு விளங்காது."

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். அம்மாவின் கண்ணீருக்குத் தோற்று, ஆரணி ஒஸ்லோ இடத்தை வேண்டாமென்று விட்டாள். காத்திருந்த வேறொரு பிள்ளைக்கு அது போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை பயணப்பெட்டி வாங்கப் புறப்பட்டார்கள். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதி பக்கத்தில்தான். ஆனால் துஷ்யாவுக்குப் பெட்டி வாங்கியது அங்கேதானே! புஷ்பமலர் வாங்கின கடையில் தான் வாங்குவதா? தூரத்து ஊரான திராமன்வரை ரயிலில் போனார்கள்.

ஆரணி பெட்டிகளை உருட்டிப் பார்க்க, கமலேஸ்வரி விலை கேட்கப் போனாள். அங்கே கடை ஊழியர் சட்டையோடு துஷ்யா நின்றாள்.

"நீர் இங்கிலண்டிலை எல்லோ?"

துஷ்யா தலையைக் குனிந்தாள். "ஈஸ்டரோடையே வந்திட்டன் அன்ரி. இஞ்சை சித்தி வீட்டிலை நிக்கிறன். எங்கடை துறையை மூடுகினம். விசாச் சட்டத்தை இறுக்கினாப் பிறகு வெளிநாட்டுப் பிள்ளையள் வாறது குறைஞ்சு போச்சு. அவையின்ரை காசிலைதானே எல்லாம் ஓடினது."

கமலேஸ்வரியின் நெஞ்சுக்குள் பால் பொங்கி வழிந்தது. ஆண்டவன் கண் திறந்துவிட்டான்! இனிப் புஷ்பமலர் லிஃப்டில் என்ன கதைப்பாள் என்று பார்க்கலாம்.

"அம்மா உங்களுக்கு மட்டும் சொல்ல வேண்டாமெண்டவ," என்றாள் துஷ்யா. "நீங்கள் சந்தோசப்படுவியளாம்."

"சீச்சீ, நான் ஏன் பிள்ளை சந்தோசப்படப் போறன்?" சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

"இந்த வருசம் புதுசா ஒருத்தரையும் எடுக்க மாட்டினமாம். நேற்றுத்தான் முடிவெடுத்தவையாம். இடம் குடுத்த பிள்ளையளுக்கு இனித்தான் அறிவிப்பினம். பாவங்கள்."

சிரிப்பு அப்படியே செத்துப்போனது. ஈஸ்டருக்கே தெரிந்திருந்தால் ஆரணியின் இடம் கையில் இருந்திருக்கும். கமலேஸ்வரியின் வயிற்றெரிச்சலுக்குப் பயந்துதானே புஷ்பமலர் உண்மையை மறைத்தாள்!

ஆரணி சிவப்புப் பெட்டியொன்றை உருட்டிக்கொண்டு வந்தாள். "அம்மா, இது நல்லா ஓடுது."

"ஆரணி எங்கை போறா அன்ரி?" என்று கேட்டாள் துஷ்யா.

"ஒரு இடமுமில்லை," என்றாள் கமலேஸ்வரி.